திரையில் தெரிந்த அறுபத்திரண்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து எங்கள் தொழிற்சாலை மறுபடி திறந்த நாளில் நடந்தது இது. மலேசியாவின் பத்து பாகாட் நகரில் துணிக்குச் சாயமேற்றும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். நூற்றுச் சொச்சம் பேர் உள்ள இடத்தில் கணினி தெரிந்த ஒரே ஆள் நான்தான். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும், வாசல் கேமரா இருண்டுவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் ஏழு வருடம் சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தவள் என்பதால், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சாயக்கூடத்தில் ஆறு பெரிய இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பானை மாதிரி இருக்கும். துணியை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி, சாயத் தண்ணீரை நூற்று முப்பது டிகிரி வரை சூடேற்றுவார்கள். பிரஷர் குக்கர் மாதிரிதான், ஆனால் அதைப்போல நூறு மடங்கு பெரியது. சூடு எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகே மூடியைத் தொட வேண்டும் என்பது எங்கள் இடத்து விதி. ஆறு இயந்திரங்களின் சூட்டையும் ஒரு கணினி வாங்கி, சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் வரிசையாகக் காட்டும். இயந்திரத்தின் மேலேயே முள் வைத்த மீட்டர்களும் உண்டு. ஆனால் ஆவி பட்டுப் பட்டு அவற்றின் கண்ணாடி மங்கிப்போய், எல்லோரும் திரையைப் பார்த்தே பழகிவிட்டார்கள்.

அந்தக் கணினியில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் மிகவும் பழையது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல காலம் ஆகியிருந்தது. உடனே புதுப்பிக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் மேல் மெயில். பெருநாளுக்குத் தொழிற்சாலை மூடியிருக்கும்போது செய்துவிடலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். விடுமுறையின் கடைசி நாள் காலையில் போனேன். கணினியில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, பழையதைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். புதியதில் இயங்குதளத்தை மேம்படுத்தினேன். மதியத்துக்குள் அது முடிந்துவிட்டது. சூடு காட்டும் மென்பொருளைத் திறந்தேன். அது திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இன்ன பெயருள்ள ஷேர்ட் லைப்ரரி கோப்பு கிடைக்கவில்லை என்றது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வதில்லை. சில வேலைகளுக்குக் கணினியில் பொதுவாக இருக்கும் துணைக் கோப்புகளைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவைதான் ஷேர்ட் லைப்ரரி. இயங்குதளம் புதிதாகும்போது அந்தத் துணைக் கோப்புகளும் புதிதாகி, பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் மாறிவிடும். பழைய மென்பொருளோ பழைய எண்ணைச் சொல்லியே கூப்பிடும். அந்தப் பெயரில் யாரும் இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும்.

எதெல்லாம் காணவில்லை என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்துப் பார்த்தேன். மூன்று பெயர்களுக்கு நேராக 'கிடைக்கவில்லை' என்று இருந்தது. முதல் இரண்டுக்கும் பழைய பதிப்புகள் இணையத்தில் முறையாகக் கிடைத்தன. மூன்றாவதுதான் தகராறு. சென்சார்களிடமிருந்து சூட்டின் அளவை வாங்கித் தரும் கோப்பு அது. பழைய பதிப்பு எங்குமே அகப்படவில்லை. அதற்கு அடுத்த எண்ணுள்ள புதிய பதிப்பு மட்டும் கணினியில் இருந்தது. மென்பொருளை எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, கேட்கவும் ஆள் இல்லை.

ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஓர் இணைப்பு போட்டுவிடுங்கள், எனக்கு ஓடியது. அவ்வளவுதான், பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் புதிய கோப்பு பதில் சொல்லும். பெயர் ஒன்றானாலும் உள்ளே வேலை செய்யும் முறை மாறியிருக்கலாம், அது எவ்வளவு ஆபத்தான வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சிங்கப்பூரில் என்னுடன் வேலை செய்தவர்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரே ஒரு வரிக் கட்டளை. கொடுத்தேன். மென்பொருள் திறந்தது. ஆறு இயந்திரங்களுக்கும் ஆறு எண்கள் வந்தன. எல்லாம் இருபத்தொன்பது, முப்பது. ஒரு வாரம் ஓடாமல் கிடந்த இயந்திரங்கள், வேறு என்ன காட்டும்? கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஷிப்ட் சுமுகமாகவே ஓடியது. பத்து மணி வாக்கில் சாயக்கூடத்துப் பக்கம் போனபோது, அந்த ஷிப்ட் ஆபரேட்டர் மட்டும் ஒன்று சொன்னார். "என்னமோ தெரியல மிஸ், ரெண்டையும் மூணையும் ஒண்ணாத்தான் போட்டேன். மூணு மட்டும் சூடு ஏற அரை மணி நேரம் லேட்டு."

"ஒரு வாரம் மூடிக் கிடந்துச்சுல்ல, பைப்பெல்லாம் ஆறிப் போயிருக்கும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆவிக் குழாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாய் கூசாமல் பதில் சொன்னேன்.

மூன்று மணிக்கு ஷிப்ட் மாறியது. மாலை ஷிப்டில் வருபவர் ஓர் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. பெக்கோக் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். இருபது வருடமாக அதே கூடம், அதே இயந்திரங்கள். காலை ஆபரேட்டர் அவரிடம், மூன்றும் நான்கும் ஐந்தும் ஓடுகிறது, மூன்று, நான்கில் முதலில் எது ஆறுகிறதோ அதைத் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். திரையில் மூன்றாம் இயந்திரத்துக்கு நேரே அறுபத்திரண்டு. நான்காவதுக்கு நேரே நூற்று இருபத்தைந்து. அக்கா மூன்றாவதைத் திறக்கப் போனார்.

நான் மாடியில் அலுவலகத்தில் இருந்தேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பேருந்தின் டயர் வெடித்து, அந்த வெடிச் சத்தம் நிற்காமல் நீண்டுகொண்டே போனால் எப்படி இருக்குமோ அப்படி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. படியிறங்கி ஓடினேன். கூடம் முழுக்க வெள்ளை ஆவி. யாரோ மலாயில் கத்திக்கொண்டு பாய்லரை நிறுத்த ஓடினார்கள். ஆவி கொஞ்சம் விலகியபோது, அக்கா தண்ணீர்க் குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, தோல் ஓர் இடத்தில் சுருங்கிப் பிரிந்திருந்தது. அவர் அழவில்லை. அந்தக் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியைத் திறப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வை அரைச் சுற்று திறந்து, உள்ளே ஆவி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டித் திறப்பார். திரை எண்பதுக்குக் கீழே காட்டுகிறதே என்று பலர் அதைச் செய்வதில்லை. அன்றைக்கும் அவர் அந்த வால்வைத்தான் முதலில் திறந்தார். உள்ளே உண்மையில் இருந்தது நூற்று இருபத்தெட்டு டிகிரி. வால்வை விட்டுவிட்டு நேராக மூடியின் திருகுகளைத் தளர்த்தியிருந்தால், அந்த மூடியும் அதன் பின்னால் கொதிக்கும் சாயமும் அவர் நெஞ்சுக்கு நேரே வந்திருக்கும். 

மேனேஜர் தன் காரிலேயே அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகக் கிளம்பினார். கிளம்பும் முன் திரையைப் பார்த்தார். மூன்றாவதுக்கு நேரே இன்னும் அறுபதைச் சுற்றியே எண் நின்றது. உடனே எங்கள் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். அவர் நேப்பாளத்திலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். விடுமுறைக்கு முந்தின நாள்தான் மூன்றாம் இயந்திரத்தின் சென்சாரை மாற்றியிருந்தார்.

"நீ போட்ட சென்சார் ரோசாக் லா" என்றார் மேனேஜர். கெட்டுப்போனதைப் போட்டிருக்கிறாய் என்று. அடுத்த மாதம் அவருடைய வேலை பெர்மிட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எதனால் இப்படி ஆனது என்று நாளைக்குள் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் அந்தப் பெர்மிட் விண்ணப்பப் பாரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, ஆட்களைக் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் மெக்கானிக்கும் நானும் மட்டும் நின்றோம். அவர் சென்சார் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார்.  எல்லாம் சரியாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், மூன்றாவது சென்சாரின் ஒயரைப் பிடுங்குகிறேன், திரையில் மூன்று அணைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். இயந்திரத்தின் பின்பக்கம் போனார். அங்கிருந்து அவருக்குத் திரை தெரியாது.

ஒயரைப் பிடுங்கினார். திரையில் மூன்றாவது எண் அசையவில்லை. இரண்டாவதுதான் அணைந்தது.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது. பழைய துணைக் கோப்பு இயந்திரங்களை ஒன்றிலிருந்து எண்ணியது. புதியது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அடுத்த இயந்திரத்தின் சூடு வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆறாவதுக்கு நேரே அதே கணினியில் ஏழாவதாக இணைத்திருந்த சுடுதண்ணீர்த் தொட்டியின் சூடு. அக்கா மூன்றுக்கு நேரே பார்த்தது நான்காவது இயந்திரத்தின் அறுபத்திரண்டை, நான்குக்கு நேரே பார்த்தது ஐந்தாவதின் நூற்று இருபத்தைந்தை. காலையில் மூன்றாவது தாமதமாகச் சூடேறியதாகத் தெரிந்ததும் அதனால்தான். அன்றைக்கு நான்காவதை அரை மணி நேரம் கழித்துத்தான் போட்டிருந்தார்கள். முந்தின நாள் நான் பார்த்தபோது எல்லா இயந்திரங்களும் ஒரே அளவில் ஆறிக் கிடந்தன. எது எந்த எண் என்று எப்படித் தெரியும்? நான் போட்ட அந்த ஒரு வரி அக்காவின் கையை வேகவைத்திருக்கிறது. 

இயந்திரத்தின் பின்னாலிருந்து அவர் கேட்டார். "தீகா சுடா மாத்தி, கக்?" மூன்று அணைந்துவிட்டதா அக்கா என்று.

நான் பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியவில்லை, பத்து விநாடி இருக்கலாம். அந்தப் பத்து விநாடியில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஷேர்ட் லைப்ரரி என்றால் என்ன என்று இந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. "ஆமாம், அணைந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை போதும். எல்லோரும் போன பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டால் தடயமே இருக்காது. சென்சார்தான் பழுது என்று ஆகிவிடும். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. வேலை போனால் மறுபடி அதிகாலையில் சிங்கப்பூர் எல்லையில் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக, வரிசையாக மனதில் வந்தது. நான் அப்படி நினைக்கக்கூடியவள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. விபத்தைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

அவர் மறுபடி கேட்டார். குரல் இந்த முறை இன்னும் தணிந்திருந்தது.

"இல்ல, ரெண்டுதான் அணைஞ்சது" என்று மலாயில் சொன்னேன். "உங்க சென்சார் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது."

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.  இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேனேஜர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. வீட்டு எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போன தெருவில் தபால்காரர் கடிதம் போட்ட மாதிரி என்றேன். திரும்பித் திரையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பிறகு, இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டார்.

இழுப்பறையில் இருந்த பழைய டிஸ்க்கை எடுத்துவந்து கணினியில் செருகினேன். அப்போதுதான் தலையில் அடித்தது போல இருந்தது. நான் இணையம் முழுக்கத் தேடிக் கிடைக்காத அந்தப் பழைய கோப்பு, அதே எண்ணோடு, அந்த டிஸ்க்கிலேயே இருந்தது. முந்தின நாள் அதை எடுத்து, இந்த மென்பொருளுக்கு மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் வைத்து, இங்கே போய்த் தேடு என்று சொல்லியிருந்தால் போதும். கால் மணி நேர வேலை. என் முழங்காலுக்குப் பக்கத்தில், இழுப்பறைக்குள் இருந்ததை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. போட்ட இணைப்பை அழித்து, அந்தக் கோப்பை எடுத்து வைத்தேன். பிறகு மெக்கானிக் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்க, நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, ஆறையும் இரண்டு முறை சரிபார்த்தோம். இந்த முறை ஒன்று என்றால் ஒன்றுதான் அணைந்தது.

மூன்று நாள் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். கையில் பெரிய கட்டு. அவர் கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், உட்கார்ந்ததும் நேராகச் சொல்லிவிட்டேன். திரை தப்பாகக் காட்டியது, அதற்குக் காரணம் நான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"அப்ப ஸ்க்ரீன்ல மூணுக்கு நேரா அறுபத்திரெண்டுதான் இருந்துச்சா? நெஜமாவா?"

"ஆமாக்கா."

"நான் சரியாத்தான் பார்த்தேனா?"

"சரியாத்தான் பார்த்தீங்க."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் எழுந்து உள்ளே போய், ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ராஜினாமாக் கடிதம். வலது கையால் அவரே எழுதியது.

"மூணையும் நாலையும் நான்தான் மாத்திப் பார்த்துட்டேன்னு நெனச்சேன்மா" என்றார் அக்கா. "கண்ணு போயிருச்சு, புத்தியும் மங்கிப் போச்சு, இனிமே அங்க நின்னா யாரையாவது கொன்னுருவேன்னு பயந்துட்டேன். மூணு நாளா தூக்கமே இல்ல. கை வலிகூடப் பெருசாத் தெரியல. இத நெனச்சுத்தான்."

 நான் மெக்கானிக்கைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன். என் தப்பை இன்னொருவரும் தன் தலையில் சுமந்துகொண்டு, வீட்டுக்குள் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பத்து விநாடிக்குப் பிறகு நான் வேறு பதில் சொல்லியிருந்தால், இந்த மனுஷி சாகும்வரை தன் கண்ணையே நம்பாமல் இருந்திருப்பார்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு. டீ ஆறுது பாரு, குடி."

அக்கா ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கையில் தழும்பு இருக்கிறது. அவராகவே கேட்டு மறுபடி அதே இயந்திரங்களுக்குப் போனார். மெக்கானிக்கின் பெர்மிட் பாரத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார், மன்னிப்பும் கேட்டார். மங்கிப்போன மீட்டர் கண்ணாடிகளையெல்லாம் மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை.

இப்போதும் ஏதாவது கோளாறைச் சரிசெய்கிறேன். பிழைச் செய்தி மறைந்து, மென்பொருள் ஓடத் தொடங்கும். முன்பெல்லாம் அங்கே என் வேலை முடிந்துவிடும். இப்போது அந்த இடத்தில் எனக்குப் பயம் வருகிறது. மென்பொருள் என்னிடம் புகார் சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறது; அது உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டதா என்பதை, கீழே இறங்கிப்போய் அதை நம்பிக் கையை நீட்டப்போகிறவரின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் என் மனம் ஆறுகிறது.